சதுரங்கமும் தரப்புள்ளியும்

மாந்தர்தம் ஆற்றலை எண்ணால் அளந்து காட்டல் வேண்டும் என்னும் வேட்கை இக்காலத்து எத்துறையினும் மிக்குக் காணப்படுகின்றது. மாணவராகிய நமக்கு இது புதிதன்று. ஒவ்வொரு தேர்வு மண்டபத்தினின்றும் நாம் ஓர் எண்ணைச் சுமந்துகொண்டே வெளியேறுகின்றோம். ஆயின், விளையாட்டென்று சிறிது பொழுதுபோக்கப் புகுமிடத்தும் அவ்வெண் நம்மைத் தொடர்ந்து வருமாயின், அதனை நிறுத்தி 'நீ யார்?' என்று வினவுதல் தகும். சதுரங்கத்தில் வழங்கும் தரப்புள்ளி, அஃதாவது யாவரும் 'ரேட்டிங்' என்று சொல்லும் எண்ணைப் பற்றி எம் கருத்தினை ஈண்டு வெளியிடத் துணிகின்றோம். சதுரங்கம் அறியாத நேயர்கள் அஞ்சவேண்டுவதில்லை; காய் நகர்த்தும் நுட்பம் ஒன்றும் இதன்கண் வாராது.

இவ்வெண்முறையை வகுத்தவர் ஆர்பாத் ஈலோ என்பார். ஹங்கேரி நாட்டிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்கா சென்று, மில்வாக்கி நகரத்துப் பல்கலைக்கழகமொன்றில் இயற்பியற் பேராசிரியராய் விளங்கியவர். தாமும் தேர்ந்த சதுரங்க வீரர். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960ஆம் ஆண்டிலும், பிடே எனச் சுருங்க வழங்கும் உலகக் கூட்டமைப்பு 1970ஆம் ஆண்டிலும் அவர் முறையை ஏற்றுக்கொண்டன.

அம்முறையின் உயிர்நிலை யாதெனின், ஒருவர் வென்றாரா தோற்றாரா என்பதனால் மட்டும் அவர் எண் மாறுவதில்லை. அவர் எவ்வளவு பெறுவார் என்று எதிர்பார்க்கப்பட்டதோ அதனோடு ஒப்பிட்டே மாறும். 1800 உடையார் ஒருவரும் 1600 உடையார் ஒருவரும் எதிரெதிர் அமர்கின்றனர் எனக் கொள்வோம். 200 புள்ளி வேறுபாடு இருப்பின், உயர்ந்தவர் நூறு ஆட்டங்களில் 76 பங்கு பெறுவார் என்பது கணக்கு. மாற்றத்தைப் பெருக்கும் எண் இருவர்க்கும் 20 ஆயின், உயர்ந்தவர் வென்றவிடத்து அவர்க்கு ஏறுவது 4.8 மட்டுமே, தோற்றாலோ 15.2 இறங்கும், ஆட்டம் சமனாக முடியினும் 5.2 போய்விடும். அவர் இழந்தது முழுதும் எதிரிக்குச் சேரும். தராசின் ஒரு தட்டினின்று மறு தட்டிற்கு மாற்றுவது போன்றதே இஃது.

ஆயினும் பெருக்கெண் யாவர்க்கும் ஒன்றன்று. புதிதாய்ப் புகுந்தார்க்கு முதல் 30 ஆட்டங்கள் முடியுமளவும், பதினெட்டு வயதிற்குட்பட்டு 2300ஐ எட்டாத இளையோர்க்கும் அது 40, 2400ஐ ஒருமுறை எட்டியவர்க்கு 10, ஏனையோர்க்கு 20. ஆகவே மேற்சொன்ன ஆட்டத்தில் 1600 உடையவன் பள்ளிச் சிறுவனாயின், மூத்தவர் 15.2 இழக்க, அவன் 30.4 பெற்று எழுவான். நம் நாட்டுப் போட்டி மண்டபங்களில் நுழைந்து பார்த்தவர் இக்கணக்கின் கொடுமையை நன்கு அறிவர். பலகை எட்டாமையால் நாற்காலியின்மேல் முழந்தாளிட்டு நிற்கும் எட்டு வயதுக் குழந்தையின் எதிரே, மீசை நரைத்த வங்கி அலுவலர் ஒருவர் வியர்வை துடைத்துக்கொண்டிருப்பார். குழந்தையின் தாயார் வெளியே தூக்குப்பாத்திரத்துடன் காத்திருப்பார். அவ்வலுவலர்க்காகக் காத்திருப்பார் யாருமிலர்!

இனி எம் கதைக்கு வருவோம். பள்ளி நாளில் எமது தரப்புள்ளி 1500. மேற்கூறியவாறு, தம் உண்மையாற்றலினும் குறைந்த எண்ணோடு புகுந்த சிறுவர் பலர் மூத்தோர் புள்ளிகளைக் கவர்ந்துகொண்டமையால், கீழ்ப்படியிலுள்ளார் எண்கள் ஆண்டுக்காண்டு தாழ்ந்துவந்தன. அதனைச் சரிசெய்யக் கருதிய உலகக் கூட்டமைப்பு, 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளன்று, 2000க்குக் குறைந்தார் அனைவர்க்கும், அந்த 2000க்கு எவ்வளவு குறைகின்றதோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்கைக் கூட்டிக்கொடுத்தது. அன்று எமக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தொடக்க நாள், தமிழ்த் தாள். எழுதி முடித்து வீடு மீண்டபோது, எம் தமையனார் தம் கைப்பேசியை நீட்டி, "தம்பி, நீ இப்போது ஆயிரத்து எழுநூறடா!" என்றார். ஒரு காயும் தொடாமல் 200 புள்ளி ஏறிவிட்டது! தமிழ்த் தாளில் விடை தெரியாமல் விட்டுவந்த இரண்டு வினாக்களையும் அக்கணமே மறந்தோம்.

அந்த 1700 எமக்குச் செய்த தீங்கு பெரிது. 1500 உடையேமாய் இருந்தபோது, விடுமுறை வந்தால் எங்கே போட்டியென்று தேடி ஓடினோம். 1700 ஆனபின் ஓராண்டிற்கு மேலாக எப்போட்டிக்கும் சென்றோமில்லை. காய்ச்சலென்றும், கட்டுரை முடிக்கவேண்டுமென்றும், வீட்டில் விசேடமென்றும் யாம் சொல்லிய காரணங்கள் பல. உண்மைக் காரணம் ஒன்றே. கையில் வந்தது போய்விடுமோ என்னும் அச்சம்! ஓராண்டு ஆடாதிருப்பார் பெயரை, ஆடாதிருப்பவர் என்னும் குறிப்போடு பட்டியலில் வைத்துவிடுவர். எண்ணோ குறையாமல் அப்படியே நிற்கும். எனவே ஆடாதிருப்பதே எண்ணைக் காக்கும் எளிய வழியாயிற்று. நெல்லை விதைத்தால் குறையுமென்று பத்தாயத்தில் பூட்டிவைத்த உழவனுக்கும் எமக்கும் வேற்றுமை யாது?

இந்நோய்க்கு மறுதலையான நோயும் ஒன்றுண்டு. 1600க்குட்பட்டோர், 1800க்குட்பட்டோர் எனத் தனித்தனியே போட்டிகள் வைத்துப் பெரும்பணம் பரிசளிக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகுந்துளது. அப்பரிசினை விரும்பி, வேண்டுமென்றே தோற்றுத் தம் எண்ணைத் தாழ்த்திக்கொள்வாரும் உளர் என்பர். அதனைப்பற்றி விரித்தெழுத எமக்கு மனமில்லை, அது வெளிப்படையான கரவு, கண்டோர் கண்டிப்பர். யாம் செய்தது போன்ற பதுக்கலோ ஒழுக்கம்போலத் தோன்றுவதால் யாரும் கண்டிப்பாரிலர். மாறாக, "அவர் ஆயிரத்து எழுநூறு" என்று விடுதியில் மதிப்பும் கிடைக்கும்.

இவ்வாண்டின் தொடக்கத்தில், வேதியியல் முதலாண்டு மாணவர் ஒருவர் எம் விடுதியில் வந்து சேர்ந்தார். சிற்றூரினர்; தாய்மாமனிடம் தேநீர்க்கடைப் பலகையில் ஆடக் கற்றவர். தரப்புள்ளி என்பது அவர்க்கு இல்லை. அதனைப் பெறுதற்குப் பதிவுபெற்ற போட்டியில் எண்ணுடையார் ஐவரோடேனும் ஆடல் வேண்டும். அதற்கு நுழைவுக் கட்டணம் வேண்டும், பேருந்துச் செலவு வேண்டும், இரண்டு மூன்று நாள் நகரத்தில் தங்க இடம் வேண்டும். ஓரிரவு உணவிற்குப் பின் தாழ்வாரத்தில் எம்மை நோக்கி, "அண்ணா, ஓர் ஆட்டம்?" என்றார். பெருந்தன்மையோடு அமர்ந்தோம். நாற்பது நிமிடத்தில் அவர்தம் குதிரை எம் அரசனை மூலையில் அடைத்துவிட்டது. மறுநாளும் தோற்றோம், அதன் மறுநாளும் தோற்றோம். "விளையாட்டாக ஆடியதுதானே" என்று தோழரிடம் சொல்லிக்கொண்டோம். சதுரங்கத்தை விளையாட்டாக அன்றி வேறு எவ்வாறு ஆடுவதென்று அவருள் ஒருவரும் எம்மைக் கேளாதது எம் நற்பேறு.

பின்னர்க் கல்லூரிகட்கிடையே நடக்கும் போட்டிக்கு ஐவரைத் தெரிந்தெடுக்கும் நாள் வந்தது. தரப்புள்ளிப் பட்டியல் ஒன்றே கருவியாகக் கொள்ளப்பட்டது. ஐந்தாமவராக எம் பெயர் வந்தது. பட்டியலில் இல்லாதவர் பெயர் எவ்வாறு வரும்? அவர் அணியோடு உடன்வந்து, எம் பைகளைப் பார்த்துக்கொண்டு வாயிலில் அமர்ந்திருந்தார். யாம் ஆடிய நான்கில் மூன்று தோற்றோம். திரும்பும் பேருந்தில் அவர் எம்மருகே அமர்ந்து, தோற்ற ஆட்டங்களில் ஒன்றனை நினைவிலிருந்தே சொல்லி, "இவ்விடத்துச் சிப்பாயைத் தள்ளியிருந்தால் தப்பியிருக்கலாம் அண்ணா" என்றார். அவர் சொல்லியது சரியே. அன்றிரவு யாம் நன்றாக உறங்கினோமில்லை.

பொறுப்பாளரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. கண்முன் ஓர் எண் நிற்கும்போது, அதனைக் கடந்து வேறொன்றைத் தேடுதல் யார்க்கும் அரிது. அன்றியும் தரப்புள்ளிக்கு ஒரு பெருஞ்சிறப்புண்டு என்பதனை யாம் மறுக்கவில்லை: அது முகம் பாராது, ஊர் கேளாது, வேண்டியவர் வேண்டாதவர் என்னும் பாகுபாடு அறியாது. அவ்வெண் இல்லாத காலத்து அணிகள் எவ்வெவ்வாறு அமைந்தன என்பதனை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆயின் அது தான் கண்டவரைப் பற்றி மட்டுமே சான்று சொல்லும். காணாதவரைப் பற்றி அதற்கொன்றும் தெரியாது. கண்டவரைப் பற்றிய சான்றும், அவர் எதிர்நிற்பாரைத் தேடி ஆடிக்கொண்டிருக்குமளவே மெய்யாகும். எம் 1700 யார்மேலும் சோதிக்கப்படாத எண். ஆகவே அது பொய்யெண். அதனை மெய்யாக்க வல்லவர் எம்மை வெல்லக்கூடிய தோழர் ஒருவரே.

உயர்நிலையில் ஆடுவார் இதனை எவ்வாறு கொண்டனர் என்பதற்கு நம் நாட்டினின்றே சான்றுண்டு. மயிலாடுதுறையிற் பிறந்து, 1988இல் இந்தியாவின் முதற் கிராண்டுமாஸ்டராகி, பின்னர் உலகப் பட்டமும் எய்திய விசுவநாதன் ஆனந்த், முப்பத்தேழு ஆண்டுகள் தரப்புள்ளியில் இந்தியர்க்கெல்லாம் முதல்வராய் நின்றார். 2023ஆம் ஆண்டு செப்டம்பர்ப் பட்டியலில் அவர் 2754. சென்னைச் சிறுவர் குகேஷ் 2758. நான்கே புள்ளியில் முப்பத்தேழு ஆண்டு முதன்மை கைம்மாறிற்று. இதிற் கருதத்தக்கது யாதெனின், அக்குகேஷ் ஆனந்த் தாமே முன்னின்று நடத்திய பயிற்சிக் கழகத்தில் அவர்தம் அறிவுரை பெற்று வளர்ந்தவர்களுள் ஒருவர். தம் எண்ணைக் கடக்க வல்லாரைத் தாமே வளர்த்துவிடுதல், புள்ளியைப் பதுக்குவார்க்கு இயலுஞ் செயலன்று.

அக்குகேஷும் பிரக்ஞானந்தாவும் சென்னையில் ஒரே பள்ளியிற் பயின்றவர். மாமல்லபுரத்தில் 2022இல் நடந்த ஒலிம்பியாடில் ஓரணியில் அமர்ந்து வெண்கலமும், புடாபெஸ்டு நகரில் 2024இல் தங்கமும் பெற்றவர். அவ்வாண்டு டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். அடுத்த திங்களே ஆலந்து நாட்டின் விக்கான்சே என்னும் கடற்கரையூரில் இருவரும் ஒரே போட்டியில் ஆடினர். 12 சுற்றுகள் முடிந்தபோது இருவரும் ஒத்த புள்ளியில் முன்னணியில் நின்றனர். 13ஆம் சுற்றில், 2025 பிப்ரவரி 2ஆம் நாள், இருவருமே தோற்றனர்! ஒருவர் சமன் செய்திருப்பினும் பரிசு அவர்க்கே. பின் வேறு வழியின்றி, அன்றே இவ்விருவரும் மின்னலாட்டத்தில் எதிரெதிர் அமர்ந்தனர். முதலாட்டம் குகேஷுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு, முடிவுகட்டும் மூன்றாவதும் அவர்க்கே. உலகப் பட்டம் பெற்று இரண்டு திங்களும் நிறையாத ஒருவர், தம் பள்ளித்தோழரிடம் உலகறியத் தோற்றார். ஆடாதிருந்து எண்ணையும் பெயரையும் காத்துக்கொள்ளும் வழி அவர்க்கும் திறந்தே இருந்தது. அவர் அதனை நாடவில்லை.

ஆகவே நம் கல்லூரிச் சதுரங்கக் கழகத்தார்க்கு யாம் பணிவுடன் விண்ணப்பிப்பது இது. விடுதித் தாழ்வாரத்தில் ஆண்டு முழுதும் ஓர் ஏணிப்பந்தயம் நடத்துக. யாவர் பெயரும் ஏணியில் இடம்பெறுக. தமக்கு மேற்படியில் நிற்பாரை யாரும் ஆட அழைக்கலாம். இருமுறை அழைத்தும் வாராதார் தம் படியை இழப்பாராக. இவ்விதி முதற்கண் எம்மைப் போன்றாரையே தாக்கும் என்பதனை அறிந்தே எழுதுகின்றோம். அணியைத் தெரியும்போது ஏணியை முதற் சான்றாகவும், தரப்புள்ளியைத் துணைச் சான்றாகவும் கொள்க. இன்னொன்று: ஆண்டு விழாவில் கழகத்தார் உண்ணும் சிற்றுண்டிச் செலவிற் பாதியைக் குறைத்தால், எண் பெறாத மாணவர் இருவரையேனும் ஆண்டுக்கொருமுறை பதிவுபெற்ற போட்டிக்கு அனுப்பலாம். கேசரி இல்லாமல் ஒரு மாலை கழியாதா?

கழகத்தார் முடிவு செய்யுமளவும் காத்திராமல், யாமும் வேதியியல் நண்பரும் எம்மளவில் ஏணியைத் தொடங்கிவிட்டோம். தாழ்வாரத் தூணில் ஒட்டிய தாளில் கணக்கு எழுதப்பட்டுளது. கிறிஸ்துமசு விடுமுறையில் இருவரும் பக்கத்து மாவட்டத்துப் போட்டியொன்றிற்குச் சென்றுவந்தோம். அவர் நுழைவுக் கட்டணத்தை விடுதித் தோழர் பகிர்ந்துகொண்டனர். யாம் 31 புள்ளி இழந்து மீண்டோம். அவர் எண் பெற்றுவிட்டார். எமதினும் இன்னும் குறைவுதான். தூணிலுள்ள தாளின்படி இன்றுவரை அவர் 11, யாம் 7, சமன் 4. நாளை இரவு வெள்ளைக் காய்கள் எம்முடையன.