வெள்ளைக் குதிரையும் ஒரு தீவும்



தவணை விடுமுறை வந்தால் பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு மூலைக்குள் இருந்துவிடுகிறார்கள் என்பது பல தாய்மாரின் முறைப்பாடு. அதைப் பறிப்பதை விட, பக்கத்தில் இருந்து நாமும் ஒரு நல்ல குறும்படத்தைப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். மூன்று மணித்தியாலப் படத்துக்கு எங்களுக்கு எங்கே நேரம்? நாற்பது நிமிடம் என்றால் எப்படியும் ஒதுக்கலாம்.

பிரான்ஸ் நாட்டின் அல்பேர் லமொறிஸ் 1953 இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் 'வெள்ளைப் பிடரி'. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான பெரிய விருது பெற்றது. (2015 இல் அதே விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' படத்தின் நாயகன் ஷோபாசக்தி அல்லைப்பிட்டியில் பிறந்தவர். ஆனால் அது சின்னப் பிள்ளைகளோடு பார்க்கும் படமல்ல.)

கதை நடப்பது பிரான்சின் தெற்கே, றோன் ஆறு கடலில் விழுகிற கமார்க்கில். உப்புத் தரவை, நாணற்புல், ஆழமில்லாத நீர், சிறு வள்ளம். அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பிள்ளைகளோடும் தாய்மாரோடும் இதைப் பார்த்தபோது, "உது எங்கட மண்டைதீவுப் பக்கம் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் ஒரு மாமி.

போல்கோ என்ற மீனவச் சிறுவன் தாத்தாவோடும் தம்பியோடும் இருக்கிறான். தாய் தகப்பன் கதையில் இல்லை. ஏன் என்று எங்கள் பிள்ளைகள் ஒருவரும் கேட்கவில்லை. யாருக்கும் அடங்காத வெள்ளைக் குதிரை அவனுக்கு மட்டும் நண்பனாகிறது. குதிரை மேய்ப்பவர்கள் அதைப் பிடிக்க நாணலுக்குத் தீ வைக்கிறார்கள், துரத்துகிறார்கள். முடிவில் சிறுவன் குதிரையோடு கடலில் இறங்கிவிடுகிறான். குதிரையை உனக்கே தருகிறோம், திரும்பி வா என்று கரையில் நின்று கூப்பிடுகிறார்கள். அவன் நம்பவில்லை. குதிரைகளும் மனிதரும் நண்பராக வாழும் தீவுக்கு அவனை அது கொண்டு போனது என்று கதை சொல்லும் குரல் முடிக்கிறது.

விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. 2006 இலிருந்து மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா மெல்லக் கேட்டார்: "பெடியன் தாண்டு போனானோ, தங்கச்சி?" எனக்கு வாய் வரவில்லை. அவருடைய பேத்தி திரும்பிப் பார்த்தாள். "இல்லை அம்மம்மா, குதிரை நீந்தும். குதிரை நிக்கிற தீவு நெடுந்தீவுதானே. குறிகட்டுவானிலை போட் ஏறினால் ஒரு மணித்தியாலம்."

எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார், பிறகு எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனார். நானும் பின்னாலே போய்க் கோப்பைகளைக் கழுவிக் கொடுத்தேன். அவர் மகனைப் பற்றிச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே முதலில் நீங்கள் தனியே பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தீக் காட்சியும் குதிரைகள் ஒன்றையொன்று கடிப்பதும் மிகச் சிறியவர்களைப் பயப்படுத்தலாம். அவர்களுக்கு இதே லமொறிஸ் 1956 இல் எடுத்த 'சிவப்புப் பலூன்' பொருத்தம். 34 நிமிடம், பேச்சு மிகக் குறைவு, எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். நாயகன் அவருடைய மகன் பஸ்கால். முதற் படத்தில் தம்பியாக வந்த குழந்தையும் அவன்தான். பரிஸ் தெருக்களில் பலூன் ஒன்று அவனுக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடம் வரை போகிறது. பொல்லாத பெடியள் அதை அடிக்கும்போது 'டமார்' என்று வெடிப்பதில்லை, காற்று இறங்கி மெல்லச் சுருங்குகிறது. வெடிச்சத்தத்துக்கு இன்றும் நெஞ்சு பதறும் எங்களுக்கு இது சின்ன விடயமல்ல. அதற்குப் பிறகு வானத்தில் நடப்பதை நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதம் ஈரானின் அப்பாஸ் கியாரொஸ்தமி 1970 இல் எடுத்த முதற் படம், 'பாணும் ஒழுங்கையும்'. பாண் வாங்கிக்கொண்டு வரும் பெடியன், வழியை மறிக்கும் நாய். பத்து நிமிடம்தான்.