வயதைக் கேட்காதீங்கோ, பட்டியைப் பாருங்கோ

எட்டு வயதுப் பிள்ளை காரில் பூஸ்டர் சீற் இல்லாமல் இருக்கலாமா? எங்கட சொந்தக்காரரிட்டக் கேட்டால் நாட்டுக்கொரு பதில் வரும். ஒன்ராறியோவில் இருக்கிற சித்தி, "எட்டு வயது வந்தால் தேவையில்லை" என்பா. பாரிஸ் மாமா, "பத்து வயது வரைக்கும் கட்டாயம்" என்பார். லண்டன் பெரியம்மாவுக்கு 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர், எது முதல் வருதோ அது. ஜேர்மனியிலயும் சுவிசிலயும் அந்த உயரம் 150 சென்ரிமீற்றர். யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மம்மாவோ, "அதென்ன சீற்று? மடியில வைச்சிருந்தால் சரிதானே" என்று கேட்பா.

எல்லாரும் ஒரே குடும்பம். பிள்ளையின் இடுப்பெலும்பு எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் வளருது. சட்டம்தான் நாட்டுக்கு நாடு மாறுது. சட்டம் சொல்வது ஆகக்குறைந்த அளவு மட்டும்தான். பிள்ளை தயாரா இல்லையா என்பதைப் பிள்ளையின் உடம்பில் பட்டி எங்கே படுகிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேணும். நாங்கள் சொல்ல வருவது இதுதான்.

பூஸ்டர் சீற் என்பது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கிற ஆசனம், அவ்வளவுதான். வாகனத்தின் ஆசனப்பட்டி பெரியவர்களின் உடம்புக்காகச் செய்யப்பட்டது. எங்கட இடுப்பெலும்பின் முன்பக்கம் முனைபோல நீட்டிக்கொண்டிருக்கும். மோதலில் பட்டியைப் பிடித்து வைப்பது அந்த எலும்புதான். சின்னப் பிள்ளைக்கு அது இன்னும் சரியாக வளர்ந்திருக்காது. பட்டி மேலே வழுக்கி வயிற்றுக்குப் போயிடும். மோதலின் முழு விசையும் குடலிலும் முதுகெலும்பிலும் இறங்கும். பிலடெல்பியா சிறுவர் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 முதல் 8 வயதுப் பிள்ளைகள் பூஸ்டரில் இருந்தால், பட்டி மட்டும் போட்ட பிள்ளைகளைவிடக் காயப்படும் வாய்ப்பு 45 வீதம் குறைவு.

அப்ப எப்பதான் நிறுத்துவது? ஒன்ராறியோ சட்டத்தையே எடுத்துப் பாருங்கோ. எட்டு வயது, 36 கிலோ, 145 சென்ரிமீற்றர், இந்த மூன்றில் ஒன்று வந்தாலே பூஸ்டரை விடலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி எட்டு வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 127 சென்ரிமீற்றர். 145ஐத் தொட 11 வயதளவில் ஆகும். அதாவது வயதை மட்டும் பார்க்கிற பெற்றோர், உயரத்துக்கு இன்னும் 18 சென்ரிமீற்றர் மிச்சமிருக்கேக்கயே பிள்ளையை இறக்கி விடுகினம். சட்டத்தை மீறாமலே!

இதற்குப் பதிலாக அஞ்சு விஷயத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். பூஸ்டர் இல்லாமல் பிள்ளையை ஆசனத்தில் இருத்துங்கோ. முதுகு பின்னால் முழுசாச் சாயுதா? சாய்ந்தபடியே முழங்கால் ஆசன விளிம்பில் மடிந்து தொங்குதா? இடுப்புப்பட்டி வயிற்றில் இல்லாமல் தொடையின் மேற்பக்கத்தோட கிடக்குதா? தோள்பட்டி கழுத்தில் முட்டாமல், தோளாலும் வழுக்காமல், நெஞ்சின் நடுவால போகுதா? அஞ்சாவது, பயணம் முடியும்வரை பிள்ளை அப்படியே இருக்குமா?

அஞ்சுக்கும் "ஓம்" என்றால் பிள்ளை தயார். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் பூஸ்டர் வேணும். ஒவ்வொரு வாகனத்திலும் ஆசனத்தின் ஆழமும் பட்டி வருகிற இடமும் வேறு. அதனால் அப்பாவின் காரில் தேறின பிள்ளை மாமாவின் காரில் தேறாமல் போகலாம். வாகனம் மாறினால் திரும்பப் பார்க்கத்தான் வேணும்.

எங்கட ஊரில் அந்த அஞ்சாவது கேள்விதான் முக்கியம். ஓகஸ்ற்றில், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், வெளிநாட்டில் இருந்து வருகிற குடும்பங்கள் கட்டுநாயக்கவில் இறங்கி, ஹயர் வானில் இரவோடிரவாக ஏ9 வீதியால யாழ்ப்பாணம் வருவினம். ஆறேழு மணித்தியாலப் பயணம். புத்தளம் தாண்ட முன்னமே பிள்ளை நித்திரை. நித்திரையில் உடம்பு சரியும், இடுப்பு முன்னுக்கு வழுக்கும், பட்டி கழுத்துக்கும் வயிற்றுக்கும் ஏறும். முழிப்பில் சோதனை தேறின பிள்ளை நித்திரையில் தேறாது. அங்கே பள்ளிக்கூடத்துக்குப் போகிற பத்து நிமிசத்துக்கு பூஸ்டரில் இருந்த பிள்ளை, இந்த நீண்ட இருட்டுப் பயணத்தில் ஆற்றையோ மடியில் படுத்திருக்கும்.

மடியில் வைத்திருப்பது பாசம்தான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கோ. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வாகனம் மோதி அரை மீற்றருக்குள் நின்றால், 20 கிலோப் பிள்ளையைப் பிடித்து வைக்க 400 கிலோவைத் தூக்குகிற பலம் வேணும். எந்த அம்மம்மாவுக்கும், எந்த மாமாவுக்கும் அந்தப் பலம் இல்லை.

"நாங்களெல்லாம் பூஸ்டரில இருந்தோ வளர்ந்தனாங்கள்?" என்று கேட்பினம். அப்படிக் கேட்பது தப்பி வந்தவர்கள் மட்டும்தான். தப்பாதவர்கள் வந்து பதில் சொல்லப் போறதில்லை. ஐந்து முதல் 29 வயது வரையானவர்களின் மரணத்துக்கு வீதி விபத்துகள்தான் முதற் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வயதுக்குள் எங்கட தம்பி தங்கச்சியும் வருகினம், நாங்களும் வாறோம்.

இன்னொரு கேள்வி இருக்கு, அது நியாயமானது. எங்களில் பாதிப்பேரின் வீட்டில் காரே இல்லை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்று ஒரே மோட்டார்சைக்கிளில் போகிற ஊரில் பூஸ்டர் பற்றிக் கதைப்பது வசதியானவர்களின் கதை மாதிரித் தெரியும். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. பஸ் ஒழுங்காக ஓடினால் அவர்கள் அப்படிப் போகமாட்டினம். ஆனால் கார் வைத்திருக்கிறவர்களும் வான் பிடிக்கிறவர்களும் அந்த நியாயத்துக்குப் பின்னால ஒளியக்கூடாது. முன் ஆசனத்துக்கு 2011இல் பட்டி கட்டாயமானபோதும் எல்லாரும் முணுமுணுத்தார்கள். இப்போ கை தானாகப் பட்டியைத் தேடுது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, பிறகேன் இந்தக் கதை? எங்களில் கனபேருக்கு இப்பதான் லைசன்ஸ் கிடைச்சிருக்கு. விடுமுறைக்கு வருகிற மருமக்களைக் கசூரினாவுக்கும் கீரிமலைக்கும் ஏற்றிக்கொண்டு போவது நாங்கள்தான். வான் பிடிச்சுத் தருவதும் நாங்கள்தான். அதனால் இதை எங்களால் செய்ய முடியும்.

வான் பேசும்போது ஏசி இருக்கா என்று கேட்கிற மாதிரி, பின் ஆசனங்களில் தோள்பட்டி இருக்கா என்றும் கேளுங்கோ. சீற் கவருக்குள்ள புதைஞ்சு கிடந்தால் வெளியில எடுத்துவிடச் சொல்லுங்கோ. இடுப்புப்பட்டி மட்டும் இருக்கிற ஆசனத்தில் பூஸ்டர் வைக்கக்கூடாது. தலையணையை மடிச்சு வைப்பதும் சரிவராது, அது மோதலில் நசிந்து வழுக்கிப் போயிடும். தோள்பட்டி கழுத்தை அறுக்குது என்று பிள்ளை சொன்னால், பட்டியைக் கக்கத்துக்குக் கீழ விடாதீங்கோ. பிள்ளை இன்னும் தயாரில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களிடம், முதுகுப்பகுதி இல்லாத பூஸ்டர் பாரமில்லை, கொண்டு வாங்கோ என்று முதலே சொல்லுங்கோ.

கடைசியாக ஒன்று. ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்து, "இன்னும் குட்டிப்பிள்ளையின்ர கதிரையிலயா இருக்கிறாய்?" என்று பகிடி பண்ணுவதை விடுவம். அந்த ஒரு சொல்லுக்காகவே நாளைக்குப் பிள்ளை பூஸ்டரில் ஏற மாட்டுது. கிளினிக் காட்டில் மாதாமாதம் நிறை குறிச்சு வளர்த்த அம்மாமாருக்கு அளந்து பார்ப்பது புதுசில்லை. வாகனத்திலும் அளந்து பார்ப்பம். பட்டி சரியாக விழுகிற அன்றைக்கு, "நீ பெரிய ஆள்" என்று நாங்களே பிள்ளையிட்டச் சொல்லுவம்.