தக்காளிக்கு மட்டும்தான் தரமா? தராசுக்கு இல்லையா?



போன பட்டத்தில் ஒரு நாள் 40 பெட்டி தக்காளி மண்டிக்குக் கொண்டு போனேன். பெட்டிக்கு 15 கிலோ நிறைத்திருந்தோம். மண்டிக் கணக்கில் 14 கிலோ. கேட்டதற்கு, "ஒரு கிலோ கழிவுங்க, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் கணக்குப்பிள்ளை. பெட்டி 120 ரூபாய்க்குப் போனது. ஆக 4,800 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து வீதம் 480. இறக்குக்கூலி 200. வண்டி வாடகை 600. பறிகூலி நாலு பேருக்கு 1,400. மிச்சம் 2,120. நாற்று, குச்சி, கயிறு, உரம், மருந்து, ராத்திரி கண்விழித்துத் தண்ணீர் கட்டியது எல்லாம் இதற்குள்தான்.

கழிவு என்று போன 40 கிலோவுக்கு அன்றைய விலையில் 340 ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தத் தக்காளி குப்பைக்கா போச்சு? அதே பெட்டியில், நம் கண் முன்னாலேயே வியாபாரியின் வண்டியில் ஏறியது. கொடுத்த துண்டுச் சீட்டில் கடையின் பெயர்கூட இல்லை. நாளைக்கு யாரிடம், எதைக் காட்டிக் கேட்பது?

இந்த நிலைமையில் நமக்குத் 'தரம்' பற்றிப் பாடம் நடத்துகிறார்கள். பெரிய கடைகளின் கொள்முதல் நிலையத்துக்குப் போனால், "ஏ கிரேடு மட்டும் போதும், மற்றதைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். எது ஏ கிரேடு? எழுதி ஒட்டியிருக்கிறதா? இல்லை. அங்கே நிற்கும் பையனின் கண்தான் கிரேடு. வரத்து குறைந்த நாளில் எல்லாமே ஏ கிரேடு. வரத்து கூடிய நாளில் பாதிக்குப் பாதி கழிசல்.

நாம் தரத்துக்கு எதிரிகள் இல்லை. சாப்பிடுகிறவன் வயிறு கெடக்கூடாது என்பதில் நமக்கும் அக்கறை உண்டு. ஆனால் தரம் என்பது எழுதி வைத்த விதியாக இருக்க வேண்டும். 1937ஆம் வருடத்து அக்மார்க் சட்டத்தின் கீழ் பழம், காய்கறிகளுக்கு 2004இல் தர விதிகள் வந்தன. உலக அளவில் கோடக்ஸ் அமைப்பு தக்காளிக்கு 2008இல் தர விதி எழுதியது. அந்த விதியே என்ன சொல்கிறது? உயர்ந்த ரகத்தில் நூற்றுக்கு ஐந்து, முதல் ரகத்திலும் இரண்டாம் ரகத்திலும் நூற்றுக்குப் பத்து, தரம் குறைந்த காய் இருக்கலாம் என்று இடம் கொடுக்கிறது. மண்ணில் விளைவது மெஷினில் வார்த்த மாதிரி இருக்காது என்று உலகத்துக்கே தெரியும். நம்ம ஊர் கொள்முதல் நிலையத்துக்கு மட்டும் தெரியவில்லை.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வெள்ளரிக்காய் எவ்வளவு வளையலாம் என்றுகூட விதி இருந்தது. 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டர் வளைவுக்கு மேல் போனால் முதல் ரகம் கிடையாது. 2009 ஜூலையில் அவர்களே வெள்ளரி, கேரட் உள்ளிட்ட 26 வகைகளுக்கான தனி விதிகளைக் கைவிட்டார்கள். அவர்கள் விட்டதை நம் தலையில் கட்டுவானேன்?

மருந்து விஷயத்துக்கு வருவோம். காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிக்கக்கூடாது என்று 2005இல் தடை போட்டார்கள். சரிதான். ஆனால் மற்ற பயிருக்கு என்று அதே டப்பா அதே கடையில் விற்பனையில் இருந்தது. அந்த மருந்துக்குத் தடை ஆணை வந்தது 2023இல். பதினெட்டு வருடம் விற்கவும் விட்டுவிட்டு, மாதிரியில் விஷம் வந்தால் விவசாயி மேல் பழி போடுவது என்ன நியாயம்?

இனி முக்கியமான சங்கதி. நம்மில் பலருக்கு இது தெரியாது. 2009இல் கொண்டுவந்து 2011 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் 12ஆவது பிரிவைக் கேளுங்கள். பேசிய எடைக்கு மேல் கூடுதலாகக் கேட்பதற்கோ வாங்குவதற்கோ இடம் கொடுக்கும் எந்த வழக்கமும், எந்த நடைமுறையும் செல்லாது என்கிறது அது. 'மாமூல் கழிவு' என்று காலங்காலமாக நம்மிடம் பிடிக்கிறார்களே, அந்த மாமூலுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது! இதைக் கவனிக்க வேண்டியது தொழிலாளர் துறை. தராசுக்கு முத்திரை வைப்பதும் அவர்கள்தான். விடிகாலை மண்டி நடக்கும் நேரத்தில் அவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்பார்கள். நடந்திருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். எலெக்ட்ரானிக் தராசு, பலகையில் எழுதிய விலை, கமிஷன் கிடையாது, கழிவு கிடையாது. கூடைக்காரர் சுமந்து போகும் உழவர் சந்தையில் முடிகிறபோது, லாரி லாரியாக வந்து இறங்கும் மண்டியில் ஏன் முடியாது? பக்கத்துக் கேரளம் 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் நூற்றுக்கு இருபது சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மனசு இருந்தால் மார்க்கம் உண்டு.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. கழிவு, சாம்பிள் என்ற பெயரில் எடை பிடிப்பதை உடனே நிறுத்த வேண்டும்.

2. ஒவ்வொரு மண்டியிலும் முத்திரை வைத்த எலெக்ட்ரானிக் தராசு, விவசாயி கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

3. கடைப் பெயர், எடை, விலை, பிடித்தம் எழுதிய ரசீது கட்டாயம் தர வேண்டும்.

4. கொள்முதல் நிலையங்கள் தர விதியைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

5. காய்கறிகளுக்கு அடிப்படை விலை அறிவிக்க வேண்டும்.

நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். மேலே நல்ல காய், அடியில் சொத்தை வைக்கும் வேலை நமக்கு ஆகாது. மருந்து அடித்து, சொன்ன நாள் கழியாமல் பறிக்கக்கூடாது. நாம் நேராக இருந்தால்தான் தராசை நேராக்கு என்று கேட்க வாய் வரும்.

மண்டிக்குப் போகும்போது எடையை வீட்டிலேயே போட்டு எழுதி வையுங்கள். தருகிற சீட்டைக் கிழித்துப் போடாமல் சங்கத்தில் கொடுங்கள். ஒருத்தன் கேட்டால் "நாளைக்கு உன் சரக்கு வேண்டாம்" என்பார்கள். ஊரே கேட்டால் யாருடைய சரக்கை வேண்டாம் என்பார்கள்? கலெக்டர் அலுவலகம் முன்னால் நாம் உட்காரும் நாளில், கையில் மனு மட்டும் போதாது. சீட்டுக் கட்டோடு வாருங்கள்!

கழிவு என்ற பெயரில் நடக்கும் கொள்ளையை ஒழிப்போம்!
உழைப்புக்கு ஏற்ற எடை, எடைக்கு ஏற்ற விலை பெறுவோம்!