சென் நதியில் அல்ஜீரியா வீசிய ரோஜாக்கள்

2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா, வழக்கமான விளையாட்டரங்கில் நடைபெறாமல் சென் நதியின் மீது நடைபெற்றது. கொட்டும் மழையில் ஒவ்வொரு நாட்டு அணியும் படகில் வந்தது. பிரெஞ்சு அகரவரிசைப்படி அல்ஜீரியாவின் முறை தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நம் ஊரில் நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் படகில் இருந்தவர்கள் கைகளில் சிவப்பு ரோஜாக்கள் இருந்ததன் காரணம் முதலில் பிடிபடவில்லை. ஒரு பாலத்தைக் கடக்கும் வேளையில் அவர்கள் அம்மலர்களை நதியில் வீசி, அல்ஜீரியா வாழ்க என்று முழங்கினார்கள். சில நொடிகள்தான், அடுத்த நாட்டின் படகு வந்துவிட்டது.

அந்த மலர்கள் 1961 அக்டோபர் 17 அன்று இறந்தவர்களுக்கானவை. அல்ஜீரிய விடுதலைப் போர் அதன் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்த காலம் அது. பாரிஸ் நகரில் வசித்த அல்ஜீரிய முஸ்லிம்கள் இரவு எட்டரை மணிக்குமேல் வெளியே நடமாடக் கூடாது என்று அந்நகரக் காவல் துறைத் தலைவர் மோரிஸ் பாப்போன் உத்தரவிட்டிருந்தார். அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர், குடும்பம் குடும்பமாக, ஆயுதமின்றி வீதிக்கு வந்தார்கள். காவல் துறையினர் சுட்டார்கள், அடித்தார்கள், பலரை நதியில் தூக்கி எறிந்தார்கள். அரசுத் தரப்பு வெகுகாலம் ஒப்புக்கொண்ட உயிரிழப்பு மூன்று. வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடோ பல பத்துகளில் தொடங்கி இருநூறைத் தாண்டியும் செல்கிறது.

அந்த இரவின் இன்னொரு தகவலும் இங்கு பொருத்தமானது. கைது செய்யப்பட்ட 11,000-க்கும் மேற்பட்டோரை அடைத்துவைக்கச் சிறைகள் போதவில்லை. எனவே விளையாட்டு அரங்குகள் பயன்படுத்தப்பட்டன. வெர்சாய் வாயில் பகுதியில் இருந்த விளையாட்டு மாளிகை ஒன்று. பியர் தெ கூபர்த்தான் அரங்கம் மற்றொன்று. நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்தவரின் பெயரைத் தாங்கிய அரங்கில் அல்ஜீரியர்கள் அடைக்கப்பட்டு அடிபட்டார்கள். அதே வெர்சாய் வாயில் பகுதியின் கண்காட்சிக் கூடங்களில்தான் 2024-இல் கைப்பந்தும் டேபிள் டென்னிஸும் நடந்தன. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஒரு நகரம் தன் கட்டடங்களை எத்தனை விதமாகப் பயன்படுத்தியிருக்கிறது என்பதை அங்கு வந்த விருந்தினர்களில் சிலர் அறிந்திருந்தார்கள் என்றே சொல்கிறேன்.

பிரான்ஸ் இந்தக் கொலைகளை ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. யூதர்களை நாஜிகளிடம் நாடுகடத்தியதற்காக 1998-இல் தண்டிக்கப்பட்ட பாப்போன், 1961 நிகழ்வுக்காக ஒருநாளும் விசாரிக்கப்படவில்லை. மாறாக, அதைப் படுகொலை என்று எழுதிய ஆய்வாளர்மீது அவரே அவதூறு வழக்குத் தொடுத்து 1999-இல் தோற்றார். 2012-இல் அதிபர் ஒல்லாந்த், அது இரத்தக்களரியான அடக்குமுறை என்று ஏற்றார். 2021-இல் அதிபர் மக்ரோன், குடியரசால் மன்னிக்க முடியாத குற்றம் என்றார். 2024 மார்ச் மாதம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவையும் ஒரு கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒவ்வொரு முறையும் சொற்கள் சற்று நெருங்கிவருகின்றன. மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. அந்த ரோஜாக்களை நான் புரிந்துகொள்வது இந்தப் பின்னணியில்தான்.

ஆனால் அல்ஜீரியாவுக்கும் ஒலிம்பிக்குக்கும் இடையே இன்னொரு கணக்கும் உண்டு. அது பதக்கப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

1924-இல் இதே பாரிஸில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் ஏழாவதாக வந்தவர் பூகெரா எல் வாஃபி. சஹாராவின் விளிம்பில் உள்ள ஊலெத் ஜெலால் என்ற ஊரில் பிறந்து, பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, பின்னர் பாரிஸில் ரெனால்ட் மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான்கு ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் அதே மாரத்தானில் தங்கம் வென்றார். அந்தத் தங்கம் பிரான்சின் கணக்கில் சேர்ந்தது. பிரெஞ்சுக் குடிமகனுக்குரிய முழு உரிமைகள் அல்ஜீரிய முஸ்லிம்களுக்கு அன்று கிடையாது. ஆனால் அவர் வென்ற பதக்கம் முழுமையாகப் பிரெஞ்சுப் பதக்கம். பிறகு அமெரிக்காவில் பணத்துக்காகக் காட்சிப் போட்டிகளில் ஓடியதற்காக, தொழில்முறை ஓட்டக்காரர் என்று சொல்லி அவரைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். வறுமையில் வாழ்ந்து, 1959 அக்டோபரில் பாரிஸ் புறநகரில் சுடப்பட்டு இறந்தார். பொபினியில் உள்ள முஸ்லிம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

இங்கே நம்மையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். எல் வாஃபி ஓடிய அதே ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் இந்திய ஹாக்கி அணி தன் முதல் தங்கத்தை வென்றது. நாமும் அன்று அடிமை நாடுதான். ஏறிய கொடி நம் கொடி அல்ல. ஆயினும் அந்தத் தங்கம் இந்தியா என்ற பெயருக்கு எதிரே எழுதப்பட்டது. இன்றும் நம் எண்ணிக்கையில் முதலாவதாக இருக்கிறது. பிரிட்டன் நம்மைக் காலனி என்றே வைத்திருந்தது. பிரான்ஸோ அல்ஜீரியாவைத் தன் மாவட்டங்களாகவே அறிவித்திருந்தது. தனிப் பெயர் இல்லாத இடத்துக்குத் தனிப் பதக்கமும் இல்லை. காலனி ஆட்சிகளுக்குள் தரம்பிரிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் உன் வீடும் என் வீடுதான் என்று சொல்லி நுழைபவன், போகும்போது நினைவுகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

அலென் மிமூனின் கதை வேறு விதம். அவரும் அல்ஜீரியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் மோன்தே கசினோ சமரில் காயமுற்று, காலை இழக்கும் நிலையிலிருந்து தப்பியவர். எமில் ஜடோபெக்கிடம் ஒலிம்பிக்கில் மூன்று முறை தோற்று வெள்ளி வென்றார். 1956 டிசம்பர் 1 அன்று மெல்போர்னில் மாரத்தான் தங்கத்தை வென்றபோது, அல்ஜீரியாவில் போர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மிமூன் பிரான்சையே தன் நாடாக ஏற்றார். பிரான்ஸும் அவரைப் போற்றியது. அவருடைய தேர்வை இன்றிருந்துகொண்டு குறைசொல்வது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். பதினாறு மாதங்களுக்குப் பின், 1958 ஏப்ரலில், பிரெஞ்சுக் கால்பந்துச் சங்கங்களில் ஆடிவந்த அல்ஜீரிய வீரர்கள் இரகசியமாக நாட்டைவிட்டு வெளியேறி, துனிஸ் நகரில் விடுதலை முன்னணியின் அணியை அமைத்தார்கள். ரஷீத் மெக்லூஃபி, முஸ்தஃபா ஜிதூனி ஆகிய இருவரும் அந்த ஆண்டு உலகக் கோப்பையில் பிரான்சுக்காக ஆட வேண்டியவர்கள். அதுவும் ஒரு தேர்வு.

1962-இல் விடுதலை. 1964-இல் டோக்கியோவில் அல்ஜீரியா முதல்முறையாகத் தன் பெயரில் ஒலிம்பிக்கில் நுழைந்தது. அனுப்பப்பட்டவர் ஒரே ஒருவர். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 4 அன்று, அதே ஜிம்னாஸ்டிக்ஸில் கய்லியா நெமூர் தங்கம் வென்றார். வயது 17. உயரம் மாறுபட்ட இரு கம்பிகளில் சுழன்றாடும் ‘அன்ஈவன் பார்ஸ்’ பிரிவில் 15.700 புள்ளிகள், இரண்டாவதாக வந்த சீன வீராங்கனைக்கு 15.500. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கே ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இதுதான் முதல் பதக்கம். நெமூர் பிறந்ததும் வளர்ந்ததும் பயின்றதும் பிரான்சில். தந்தை வழியில் அல்ஜீரியர். முழங்கால்களில் அறுவைச் சிகிச்சை நடந்தபின், அவர் மீண்டும் களமிறங்கலாம் என்று சிகிச்சையளித்த மருத்துவர் சொன்னார். பிரெஞ்சு ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் மருத்துவர் மறுத்தார். எங்கே பயிற்சி பெறுவது என்பதிலும் கூட்டமைப்புக்கும் அவருடைய உள்ளூர்ச் சங்கத்துக்கும் பூசல் இருந்தது. 2022-இல் அவர் அல்ஜீரியாவுக்கு மாற முடிவு செய்தபோது, கூட்டமைப்பு உடனே விடுவிக்க மறுத்தது. விளையாட்டுத் துறை அமைச்சரே தலையிட்ட பிறகுதான் 2023-இல் வழி பிறந்தது. அந்த ஆண்டே உலகப் போட்டியில் வெள்ளி, 2024-இல் தங்கம். சொந்த மண்ணில் போட்டியிட்ட பிரெஞ்சுப் பெண்கள் அணி, குழுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கே வரவில்லை.

எல் வாஃபியின் பதக்கம் ஒரு திசையில் போனது. நெமூரின் பதக்கம் எதிர்த் திசையில் வந்திருக்கிறது. இதைக் காலத்தின் பழிவாங்கல் என்று வர்ணித்து மகிழ்பவர்களைக் கண்டேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல் வாஃபிக்குத் தேர்வு என்ற ஒன்றே இருக்கவில்லை; நெமூருக்கு இருந்தது. அவர் தேர்ந்தெடுத்ததும் அரசியல் காரணத்துக்காக அல்ல; விளையாட முடிய வேண்டும் என்ற காரணத்துக்காக. இரண்டு கடவுச்சீட்டுகளை வைத்திருக்கும் உரிமை அவருக்கு அந்த வாயிலைத் திறந்தது. மூன்று தலைமுறைகளுக்கு முன் ரெனால்ட் தொழிற்சாலைக்கு வந்து உழைத்தவர்களுக்கு அந்த வாயில் இல்லை.

அல்ஜீரிய அரசும் இந்தத் தங்கத்தைக் கொண்டு அளவுக்கு மீறிப் பெருமைப்பட இடமில்லை. அது அல்ஜீரியப் பயிற்சிக் கூடங்களில் விளைந்ததன்று. டோக்கியோவில் 2021-இல் அந்நாடு ஒரு பதக்கமும் பெறவில்லை. 2016-இல் ரியோவில் இரு வெள்ளிகள் வென்ற ஓட்டக்காரர் தௌஃபிக் மக்லூஃபி, வெற்றிக்குப்பின் தன் நாட்டு விளையாட்டு அதிகாரிகள் வீரர்களைக் கைவிட்டதாகச் சாடினார். அதற்கும் முன்னே ஹசிபா பூல்மெர்கா இருக்கிறார். 1992-இல் பார்சிலோனாவில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் அல்ஜீரியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றவர். கால்கள் தெரிய ஓடினார் என்பதற்காக மதத் தீவிரவாதிகளின் கொலை மிரட்டலுக்கு ஆளாகி, வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டிய நிலை அவருக்கு. பிரான்ஸ் செய்ததை நினைவில் வைத்திருக்கும் நாடு, தன் மகளுக்குத் தன் மண்ணிலேயே நேர்ந்ததையும் மறக்கக் கூடாது.

பாரிஸில் அல்ஜீரியா வென்ற இன்னொரு தங்கம் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃபுடையது. இதைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசியது. பெரும்பாலும் தவறாகவே பேசியது. 2023-இல் புதுதில்லியில் நடந்த உலகப் போட்டியின் இறுதி நாளையொட்டி, சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் அவரைத் தகுதிநீக்கம் செய்தது. அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தையே சில மாதங்களில் ஒலிம்பிக் குழு விலக்கிக்கொண்டது. கடவுச்சீட்டில் பெண் என்றிருப்பதால் பாரிஸில் அவர் தகுதியுடையவர் என்று ஒலிம்பிக் குழு முடிவுசெய்தது. ஆகஸ்ட் 1 அன்று இத்தாலியின் ஆஞ்சலா காரினி 46 நொடிகளில் போட்டியைக் கைவிட்டதும் தூற்றல் தொடங்கியது. இத்தாலியப் பிரதமரும் அன்றைய முன்னாள் அமெரிக்க அதிபரும் கருத்துச் சொன்னார்கள். காரினி பின்னர் வருத்தம் தெரிவித்தார். அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

மகளிர் பிரிவுக்கான தகுதியை எப்படி வரையறுப்பது என்பது உண்மையான கேள்வி. எதிரே நிற்கும் வீராங்கனையின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவை விளையாட்டு அமைப்புகள். அதுவும் போட்டிக்கு முன்பே, தெளிவான விதிகளின் மூலம். அவை தங்களுக்குள் பகைமை பாராட்டிக்கொண்டு கடமையைத் தள்ளிப்போட்டன. விதிப்படி அனுமதிக்கப்பட்டு வந்த 25 வயதுப் பெண் அதற்கான விலையைக் கொடுத்தார். தியாரெத் வட்டாரக் கிராமம் ஒன்றில், பயிற்சிக்குப் போகும் பேருந்துக் கட்டணத்துக்காகப் பழைய இரும்பு பொறுக்கி விற்றவர் அவர். ஆகஸ்ட் 9 அன்று ரொலான் காரோஸ் அரங்கில் இறுதிப் போட்டி நடந்தபோது, பார்வையாளர் வரிசைகள் எங்கும் அல்ஜீரியக் கொடிகள். அவற்றை ஏந்தியிருந்தவர்களில் கணிசமானோர் பிரான்சிலேயே வாழும் அல்ஜீரிய வம்சாவளியினராகத்தான் இருக்க வேண்டும். 1961-இல் இரவு எட்டரைக்குமேல் வெளியே வரக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள், நகரத்தின் நடுவே இரவு வெகுநேரம் பாடிக் கொண்டாடினார்கள். எனக்குத் தொடக்க விழாவின் மலர்களைவிட இதுவே பெரிய காட்சி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே ஒலிம்பிக்கில், இஸ்ரேல் வீரரைச் சந்திக்க இருந்த அல்ஜீரிய ஜூடோ வீரர், அனுமதிக்கப்பட்ட எடையைவிட 400 கிராம் கூடுதலாக இருந்ததால் போட்டியிடவில்லை. டோக்கியோவில் இன்னொரு அல்ஜீரிய வீரர் இதே காரணத்துக்காக வெளிப்படையாகவே விலகிப் பத்து ஆண்டுத் தடை பெற்றார். இம்முறை நிகழ்ந்தது தற்செயலா என்று பலரும் ஐயுறுவதில் வியப்பில்லை. மலர் வீசுவது நினைவுகூர்தல். எதிராளியின் முகத்தைப் பார்க்க மறுப்பது வேறு. இரண்டையும் ஒரே துணிச்சலாகக் கருத என்னால் இயலவில்லை.

போட்டிகள் ஆகஸ்ட் 11 அன்று முடிந்தன. 800 மீட்டர் ஓட்டத்தில் ஜமெல் செட்ஜாட்டி பெற்ற வெண்கலத்தையும் சேர்த்து, அல்ஜீரியாவுக்கு இரு தங்கம், ஒரு வெண்கலம். 1996 அட்லாண்டாவில் பெற்ற அதே எண்ணிக்கை. இதற்கிடையே, ஜூலை 30 அன்று, நதியில் ரோஜாக்கள் விழுந்து நான்கே நாள்களில், மேற்கு சஹாரா விவகாரத்தில் மொராக்கோவின் திட்டத்தை மக்ரோன் முழுமையாக ஆதரித்தார். அன்றே அல்ஜீரியா பாரிஸிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. காலனி ஆட்சிக் காலத்தை ஆராய்வதற்கென்று இரு நாடுகளும் 2022-இல் ஒரு கூட்டு வரலாற்றாய்வாளர் குழுவை அறிவித்திருந்தன. இரு பக்கமும் ஐந்து ஐந்து பேர். எந்த ஆவணங்களைத் திறப்பது, எதைத் திருப்பிக் கொடுப்பது என்பதெல்லாம் அதன் முன் இருந்தது. தூதரே இல்லாத அன்றைய சூழலில் அந்தக் குழு எவ்வளவு தூரம் நகரும் என்பது எனக்கு ஐயமாகவே இருந்தது.