இரண்டாவது ஸ்லாட் ஏன் காலியாக இருக்கிறது?

இரண்டு லேப்டாப்கள். இரண்டிலும் இன்டெல்லின் 11ஆம் தலைமுறை கோர் ஐ5, இரண்டிலும் 8 ஜிபி ரேம். ஒன்றில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கிராபிக்ஸ் பகுதியில் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று காட்டுகிறது. மற்றதில் வெறும் 'யூஹெச்டி'. சிப் ஒன்றுதான். முதலாவதில் 4 ஜிபி ஸ்டிக் இரண்டு செருகியிருக்கிறது, இரண்டாவதில் 8 ஜிபி ஸ்டிக் ஒன்று. ரேம் இரண்டு சேனலில் ஓடினால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர் கிடைக்கும் என்பது இன்டெல் வைத்திருக்கும் நிபந்தனை. பின்னால் வந்த கோர் அல்ட்ரா லேப்டாப்களில் 'ஆர்க்' என்ற பெயருக்கு நிபந்தனை இன்னும் கடுமை: குறைந்தது 16 ஜிபி, அதுவும் இரண்டு சேனலில். சிப்பைத் தயாரித்த நிறுவனமே இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தரும்போது, கடையில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு '8 ஜிபி' என்பதோடு நின்றுவிடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி.

பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே தரவு போய்வரும் பாதைதான் சேனல். ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். டிடிஆர்4-3200 வகை ஸ்டிக் ஒன்றைப் போட்டால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவு போகலாம். இரண்டு சேனலிலும் ஒவ்வொன்று போட்டால் 51.2 ஜிபி. பேருந்தில் இரண்டு வாசல் இருந்தும் ஒன்றைப் பூட்டிவைத்தால் ஏறி இறங்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ, ஒற்றை ஸ்டிக்கின் கதையும் அதுதான்.

இது புதிய தொழில்நுட்பமும் இல்லை. என்விடியாவின் என்ஃபோர்ஸ் சிப்செட் 2001இலேயே டிடிஆர் ரேமை இரண்டு சேனலில் ஓட்டியது. 2003இல் இன்டெல்லின் 865, 875 சிப்செட்கள் வந்தபோது பென்டியம் 4 பிராசசரின் பஸ், அதாவது அதன் தரவுப் பாதை, நொடிக்கு 6.4 ஜிபி கேட்டது. டிடிஆர்400 ஸ்டிக் ஒன்று தந்ததோ 3.2 ஜிபி. ஜோடியாகப் போட்டால்தான் கணக்குச் சரியாக வந்தது. சாதாரண டெஸ்க்டாப்புக்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்ட வசதி, இன்றும் எத்தனையோ மேசைகளில் பயன்படாமல் கிடக்கிறது.

இதனால் யாருக்கு நஷ்டம்? கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் கடையில் பில் போடுபவருக்கும் வித்தியாசம் தெரியாது. அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கும் பாதிப்பு குறைவு, ஏனென்றால் அந்தக் கார்டுக்கென்று சொந்த மெமரி உண்டு. கார்டு வாங்கப் பணம் இல்லாமல், ரைசன் 5 5600ஜி போல கிராபிக்ஸும் சேர்ந்தே வரும் பிராசசரை நம்பி வாங்குகிறாரே, அவர்தான் அடிபடுகிறார். அந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. விளையாட்டோ, வீடியோ எடிட்டிங்கோ, எல்லாவற்றுக்கும் பிராசசரோடு போட்டி போட்டுக்கொண்டு அதே ரேமிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். பட்ஜெட் குறைவாக இருப்பவர்தான் கொடுத்த காசுக்கான வேகத்தை அதிகம் இழக்கிறார். இந்த விஷயத்தை வெறும் கம்ப்யூட்டர் பிரியர்களின் நுணுக்கம் என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

விற்பவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு 4 ஜிபியைவிட ஒரு 8 ஜிபி பெரும்பாலும் மலிவு. ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்; இரண்டும் நிரம்பியிருந்தால் பழையதைக் கழற்றி வைக்க வேண்டியதுதான். ஒத்துக்கொள்ள வேண்டிய வாதம். ஆனால் அதை வாங்குபவரிடம் சொல்லி, அவர் முடிவு செய்யட்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து வாங்குபவராவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஷோரூமில் சீல் வைத்த பெட்டியை வாங்குபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

இன்னும் வேதனையானது, இரண்டு ஸ்டிக் வாங்கியும் தப்பான இடத்தில் செருகிவிடுவது. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பிராசசர் பக்கத்திலிருந்து வரிசையாகப் பெரும்பாலும் ஏ1, ஏ2, பி1, பி2 என்று இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் ஏ1, ஏ2 இரண்டிலும் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் உட்கார்ந்துவிடும். கம்ப்யூட்டர் ஓடும், திரையில் 16 ஜிபி என்றும் காட்டும். அதனால் தப்பு நடந்ததே வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. இன்றைய போர்டுகளில் பெரும்பாலானவை ஏ2, பி2, அதாவது இரண்டாவதும் நான்காவதும் ஸ்லாட்டுகளைத்தான் முதலில் நிரப்பச் சொல்கின்றன. மின்தடம் ஏ1 வழியாக ஏ2 வரை ஓடுகிறது. ஸ்டிக்கை ஏ1இல் போட்டால் அதற்கு அப்பால் மீந்திருக்கும் தடத்தின் வெறும் முனையில் சிக்னல் மோதித் திரும்பும். அதிக வேகத்தில் அது தொல்லை. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறும். போர்டின் கையேட்டில் இதற்கென்றே ஒரு படம் இருக்கும்.

செருகுவதும் பொறுமை கேட்கும் வேலை. மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, கிளிப்பைத் திறந்து, ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, இரண்டு முனைகளையும் அழுத்த வேண்டும்; 'டக்' என்று கிளிப் பூட்டும். டிடிஆர்5 போர்டு முதல்முறை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பதறிப்போய் பவரை அணைத்துவிடக் கூடாது.

டிடிஆர்5 வந்த பிறகு இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. அதில் ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே 32 பிட் துணைச் சேனல்கள் இரண்டு உண்டு. இதை வைத்து 'ஒன்று போட்டாலே டூயல் சேனல்தான்' என்று சொல்லி விற்கிறார்கள். கூட்டினால் அதே 64 பிட்தான். 128 பிட் வேண்டுமென்றால் இரண்டாவது ஸ்டிக் வேண்டும். அதற்காக நான்கையும் நிரப்பினால் இன்னும் வேகம் என்றும் இல்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் கணக்கில் இரண்டு ஸ்டிக்குக்கு டிடிஆர்5-5200 வேகம், நான்குக்கு வெறும் டிடிஆர்5-3600.

வீட்டில் சரிபார்ப்பது எளிது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கம் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் சேனலையே சொல்லிவிடும். இப்போது இதைப் பார்த்துக்கொள்வது அவசியமும்கூட. ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் சில்லறை பிராண்டையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. கையில் ஏற்கெனவே இரண்டு ஸ்டிக் இருந்தால், அவற்றைச் சரியான ஸ்லாட்டில் மாற்றிச் செருகி முழு வேகத்தில் ஓட்டுவதற்கோ ஒரு பைசா செலவில்லை.

கல்லூரிகளும் அரசுத் துறைகளும் நூற்றுக்கணக்கில் வாங்கும்போது, டெண்டரில் 'ரேம் இரண்டு சேனலில் இயங்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கட்டும். தயாரிப்பாளர்கள் பெட்டியின் மேல் எத்தனை ஸ்டிக், எத்தனை ஸ்லாட் காலி, ரேம் போர்டோடு சாலிடர் செய்யப்பட்டதா என்ற மூன்றையும் அச்சிடட்டும். மூன்றாவது கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். ஒற்றைச் சேனலில் சாலிடர் செய்து, ஸ்லாட்டும் வைக்காத லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எந்த மெக்கானிக்காலும் இரண்டாவது ஸ்டிக் போட முடியாது.