ஸ்விட்ச் மீது கோபம் வேண்டாம்

குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் வணிக அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்ரசர் அடிக்கடி நின்றால், ஆயில் பிரஷர் ஸ்விட்சுக்கு இடையில் ஒயர் போட்டு ஓட்டச் சொல்லும் வழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. இது தவறு. ஆயில் பம்பின் அழுத்தம் சுமார் 2 நிமிடத்துக்குள் போதிய அளவு உயராவிட்டால், பேரிங் தேயும் முன் மோட்டாரை நிறுத்துவதே அதன் வேலை.

கம்ப்ரசரிலிருந்து வாயுவோடு சிறிது ஆயில் வெளியேறுவது இயல்பு. அது திரும்பி வரவேண்டும். சக்‌ஷன் குழாய் கம்ப்ரசர் பக்கம் சாய்வாக இல்லாவிட்டாலோ, அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலோ ஆயில் வழியிலேயே தங்கிவிடும். அதைப் பாராமல் புது ஆயில் ஊற்றிக்கொண்டே போனால், தங்கியதெல்லாம் ஒருநாள் மொத்தமாகத் திரும்பி வால்வை உடைக்கும்.

மெக்கானிக் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டுப் போக விடாதீர்கள். "ஆயில் எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். ரிப்பேர் கூலியை மிச்சம் பிடித்து, கம்ப்ரசரையும் உள்ளே இருக்கும் சரக்கையும் இழப்பது வியாபாரம் ஆகாது.