ஆயிரம் வாட் அண்ணாச்சிகளே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க

கேம் ஆடுறதுக்கு ஒரு பொட்டி கட்டணும்னு யாராவது வாயைத் திறந்தா போதும், நம்மாளுங்க கேக்குற முதல் கேள்வி "சப்ளை எத்தனை வாட்?"ங்கிறதுதான். 550ன்னு சொல்லிப் பாருங்க. கல்யாண மண்டபத்துக்கு லுங்கியோட வந்தவனைப் பாக்குற மாதிரி ஒரு பார்வை பாப்பாங்க. 850க்குக் கீழ இருந்தா அது பொட்டியே இல்லையாம். ஆயிரம்னா கொஞ்சம் மரியாதை. இந்த வாட் வியாதியைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி, மாட்டிக்கிட்டீங்க :-)

நான் சொல்ல வர்றது சுருக்கமா இதுதான். நம்மள்ல பாதிப் பேர் இருக்கிற வீட்டுக்கு, 20 லிட்டருக்குள்ள அடங்குற, ஆடும்போது சுவத்துலேர்ந்து 300 வாட்டுக்கு மேல இழுக்காத பொட்டி ஏழைக்கேத்த எள்ளுருண்டை இல்லை. அதுதான் சரியான பொட்டி. பெருசு வேணும்கிறவர்தான் ஏன் வேணும்னு காரணம் சொல்லணும். இங்க தலைகீழா, சின்னது கேக்குறவனைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கிறாங்க.

என் அக்கா பையன் 2024 டிசம்பர்ல பொட்டி கட்டக் கிளம்பினான். சைதாப்பேட்டையில மாடிப் போர்ஷன், மொத்தம் நாலு பசங்க. இவன் பங்குக்கு ஒரு சின்ன மேஜை. அதுக்கு அடியில அரிசி டிரம்மும் தண்ணி கேனும். மானிட்டர் ஏற்கெனவே இருக்கு, 24 இஞ்ச், 1080. ரெண்டு வருஷ சம்பளத்துல மிச்சம் புடிச்ச காசு. ரிச்சி தெருவுல ஒரு கடையில போட்டுக் குடுத்த கொட்டேஷனைக் கொண்டாந்து காட்டினான். மூணு பக்கமும் கண்ணாடி வச்ச டவர், ஏழு ஃபேன், அத்தனையும் கலர் கலரா எரியும். 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரோட வாட்டர் கூலிங். சப்ளை 850 வாட். எல்லாம் சரி, கிராபிக்ஸ் கார்டு என்னன்னு பாத்தா ஆர்டிஎக்ஸ் 4060! அந்தக் கார்டு முழு மூச்சா ஓடினாலும் தின்கிறது 115 வாட்தான்.

அவன்கூட நானும் போனேன். "எதுக்குங்க 850?"ன்னு கேட்டேன். "ஃபியூச்சர் ப்ரூஃப் சார்"னார் கடைக்காரர். பையன் ஃபியூச்சர்ல எந்த வீட்டுல இருப்பான்னே தெரியாது, அவனோட சப்ளைக்கு மட்டும் ஜாதகம் கணிச்சு வச்சிருக்கார் மனுஷன்.

இதுல எனக்குக் கோவம் எங்கன்னா, கண்ணாடிக்கும் ஃபேனுக்கும் தேவையில்லாத வாட்டுக்கும் போற காசு எல்லாம் உண்மையில கேம் ஓட வைக்கிற சமாச்சாரத்துலேர்ந்துதான் புடுங்கப்படுது. ஒரு படி மேல கார்டு வாங்கியிருக்கலாம். 16 ஜிபிக்குப் பதிலா 32 ஜிபி ராம் போட்டிருக்கலாம் (2025 கடைசியில ராம் விலை ஏறின ஏத்தத்தைப் பாத்தவங்களுக்கு இந்த வரியோட அருமை புரியும்). ஆனா அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதே. ஃபேன்தான் தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். ரைசன் 5 7600க்கு அட்டையில போட்டிருக்கறது 65 வாட். உச்சமா இழுத்தா 88. கேம் ஆடும்போது அவ்வளவுகூடப் போகாது. 4060க்கு 115. போர்டு, ராம், எஸ்எஸ்டி, ரெண்டு ஃபேன் எல்லாத்துக்கும் தாராளமா ஒரு 40 போடுங்க. எல்லாமே ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போனாலும் 243. சப்ளையில வீணாகிற பத்து சதத்தையும் சேத்தா சுவத்துல 270. மானிட்டருக்கு 25. மொத்தம் 295 வாட். 2025ல வந்த 5060 போட்டாலும் அது 145 வாட்தான், கூட ஒரு முப்பது சேரும். இதுக்கு நல்ல தரமான 550 வாட் எஸ்எஃப்எக்ஸ் சப்ளையே ஏகப்பட்டது. கார்டு எப்பவாவது கண்ணிமைக்கிற நேரத்துக்கு ரெண்டு மடங்கு இழுக்குமேன்னு ஒருத்தர் வருவார். வாஸ்தவம். அதைத் தாங்கணும்னுதான் 2022ல ஏடிஎக்ஸ் 3.0ன்னு புது விதியே வந்துச்சு. அந்தத் தரம் உள்ளதைப் பாத்து வாங்குங்க. மட்டமான 850ஐ விட ஒழுங்கான 550 மேல்.

இந்த 295ங்கிற எண் ஏன் முக்கியம்னா, நம்ம வீட்டுல இருக்கிற சின்ன யூபிஎஸ். மேல 600ன்னு பெருசா எழுதியிருக்குமே, அது விஏ, வாட் இல்லை. உண்மையான வாட் பெரும்பாலும் 360 பக்கம்தான். நம்ம பொட்டி அதுக்குள்ள அடங்கும். கரண்ட் போனா கேமை சேவ் பண்ணிட்டு நிதானமா அணைக்கலாம். 500, 600 வாட் இழுக்கிற பொட்டியை அதுல மாட்டினா கரண்ட் போற அதே நொடியில யூபிஎஸ்ஸும் கீன்னு கத்திட்டுப் படுத்துடும். 2012ல நம்ம ஊர்ல மின்வெட்டு எப்படி இருந்துச்சுன்னு மறந்தவங்க, அப்போ மதுரை, கோவைப் பக்கம் இருந்தவங்களைக் கேட்டுக்குங்க.

அடுத்தது யூனிட். தினம் நாலு மணி நேரம் ஆடுறான்னு வைங்க. 500 வாட் பொட்டி ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். 2016ல வீட்டுக்கு 100 யூனிட் இலவசம்னு அறிவிச்சாங்களே, அந்த நூறையும் முழுங்கிட்டு மேல இருபது கேக்கும் இந்த ஒரே பொட்டி. 250 வாட் பொட்டின்னா 60. ஃப்ரிட்ஜும் ஏசியும் இருக்கிற வீட்டுல அந்த 60 யூனிட் எந்த ஸ்லாப்புல போய் விழும்னு பில் கட்டுறவங்களுக்குத் தெரியும். ஆடுறவனுக்குத் தெரியாது.

சூடு இன்னும் மோசம். கம்ப்யூட்டருக்குள்ள போற கரண்ட் அத்தனையும் கடைசியில சூடாத்தான் ரூமுக்குள்ள வரும். வேற வழியே இல்லை, வாட்டர் கூலிங் போட்டாலும் சரி, எதைப் போட்டாலும் சரி. சூடு ரேடியேட்டர் வழியா அதே ரூமுக்குத்தான் வருது, பக்கத்து வீட்டுக்குப் போகலை. சும்மா உக்காந்திருக்கிற மனுஷன் உடம்பு விடுற சூடு ஏறக்குறைய 100 வாட். அப்போ 500 வாட் பொட்டிங்கிறது அஞ்சு பேர் கூட வந்து உக்காந்த மாதிரி. மே மாசம், மொட்டை மாடிக்குக் கீழ் போர்ஷன், பத்துக்குப் பத்து ரூம், ஏற்கெனவே நாலு பசங்க. அதுல இன்னும் அஞ்சு பேர்! ஒரு டன் ஏசியோட சக்தியில ஏழுல ஒரு பங்கு இவங்களை வெளிய அனுப்பவே சரியாப் போயிடும்.

"பெரிய பொட்டின்னாத்தான் காத்து ஓடும், சின்னதுல வெந்து போயிடும்"ங்கிறது அடுத்த புராணம். உள்ள எத்தனை வாட் எரியுது, காத்து எந்த வழியா வருது, இந்த ரெண்டும்தான் கணக்கு. முன்னாடி கண்ணாடி வச்சு அடைச்ச டவர்ல ஏழு ஃபேன் போட்டாலும் அது ஒரே சூட்டைச் சுத்திச் சுத்தி அடிக்கும். ஒழுங்கா வடிவமைச்ச சின்னப் பொட்டியில பக்கவாட்டு வலையை ஒட்டியே கார்டு நிக்கும், வெளிக்காத்தை நேரா இழுத்து வெளிய தள்ளும். 2020ல வந்த கூலர் மாஸ்டர் என்ஆர்200 சுமார் 18 லிட்டர்தான், நம்ம தண்ணி கேனை விடச் சின்னது. டேன் ஏ4ன்னு ஒண்ணு 7.2 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குக்கர் சைஸு. ரெண்டுலயும் முழு அளவு கிராபிக்ஸ் கார்டு போட்டு ஆயிரக்கணக்கான பேர் ஓட்டியிருக்காங்க. எதுவும் வேகலை.

இந்த டவர் எதுக்குன்னு யோசிச்சுப் பாத்திருக்கீங்களா? ஏடிஎக்ஸ் போர்டு அளவு 305க்கு 244 மில்லிமீட்டர். இன்டெல் 1995ல வகுத்தது. அன்னிக்கு சவுண்டுக்கு ஒரு கார்டு, மோடத்துக்கு ஒரு கார்டு, நெட்வொர்க்குக்கு ஒண்ணு, படத்துக்கு ஒண்ணு. அதனால ஏழு ஸ்லாட். சிடி டிரைவ், ஃபிளாப்பி, ஹார்ட் டிஸ்க்குக்குத் தனித்தனியா கூடு. இன்னிக்கு அத்தனையும் போர்டுக்குள்ளயே போயிடுச்சு, டிஸ்க்கு சூயிங்கம் பட்டை அளவுக்கு வந்துடுச்சு. மிஞ்சினது ஒரே ஒரு கார்டு. அதுக்கு ஒரு ஸ்லாட் போதும்னு 17 செண்டிமீட்டர் சதுரத்துல மினி ஐடிஎக்ஸ் போர்டை வியா கம்பெனி கொண்டாந்தது 2001லயே. நாம இன்னும் காலி ரூமுக்கு வாடகை குடுத்துக்கிட்டிருக்கோம். அந்த ரூமுல லைட்டு வேற.

தயாரிப்பாளருங்களும் சும்மா இல்லை. 115 வாட் சில்லுக்கு மூணு ஃபேன் வச்சு ஒரு அடி நீளத்துக்குக் கார்டு விக்கிறாங்க. அதே சில்லை கிகாபைட் 18 செண்டிமீட்டர் நீளத்துல குட்டையாவும் போட்டாங்க, நல்லாவே ஓடுது. உச்சாணிக் கொம்புக்குப் போனா 2022ல 4090, 450 வாட். 2025ல 5090, 575 வாட். 12 வோல்ட்ல 575 வாட்னா 48 ஆம்பியர், ஒரு விரல் அகல கனெக்டர் வழியா! 4090 வந்த சில வாரத்துலயே உருகிப்போன கனெக்டர் படங்கள் வர ஆரம்பிச்சுது. சரியா முழுசாச் சொருகலைன்னு என்விடியா சொன்னாங்க. சிபியு பக்கம் இன்டெல்லோட 13, 14ஆம் தலைமுறைச் சில்லுங்க காரணமில்லாமக் கவுந்ததும், தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டதுதான் காரணம்னு 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டதும் தெரிஞ்ச கதை. கடைசி அஞ்சு சதவீத வேகத்துக்காக வாட்டைக் கொட்டினா இதான் கதி. வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினா வாட் அதோட வர்க்கத்துல ஏறும். திருப்பிக் கொஞ்சம் குறைச்சா ஏகமா இறங்கும். பவர் லிமிட்டைக் கால்வாசி குறைச்சுட்டு ஆடிப் பாருங்க, பெரும்பாலான கார்டுல போற ஃபிரேம் விரல் விட்டு எண்ணுற அளவுதான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல 140 ஃபிரேம் ஓட்டுறவங்க 60க்குப் பூட்டுங்க, சத்தமும் சூடும் பாதியாயிடும். (வேலரன்ட்ல ரேங்க் ஏத்துறவங்க மன்னிக்க, நீங்க தனி ஜாதி.)

இவ்வளவுக்கும் ஸ்டீம் டெக்னு ஒண்ணு 2022லயே வந்துடுச்சு. உள்ள இருக்கிற சில்லுக்கு உச்சமே 15 வாட். அதுல எல்டன் ரிங் ஓடுது, 30 ஃபிரேம்ல, சின்னத் திரையில. 15 வாட்ல அது ஓடுதுன்னா 300 வாட்ல உங்களுக்கு என்னய்யா குறைச்சல்?

சின்னதுல கஷ்டம் இல்லையான்னா, இருக்கு. ஐடிஎக்ஸ் போர்டு விலை கூட, நம்ம கடைகள்ல சுலபமாக் கெடைக்காது, ராமுக்கு ரெண்டே ஸ்லாட்டு. கூலர் உயரம், கார்டு நீளம் எல்லாம் டேப் வச்சு அளந்துதான் வாங்கணும். கேபிள் சொருகும்போது கை கீறும். விலை கட்டுப்படலைன்னா 244 மில்லிமீட்டர் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் ஒல்லிப் பொட்டியும் போதும், அதிலும் இதே வாட் கணக்குத்தான். 4கேல எல்லாத்தையும் உச்சத்துல வச்சு ஆடணும், வீடியோ வெட்டிப் பொழைக்கணும்னா பெருசு வாங்குங்க, நான் குறுக்க நிக்கலை. பின்னாடி அப்கிரேட்? ஏஎம்5 சாக்கெட்டுல சிபியுவை மட்டும் கழட்டி மாட்டலாம், அது சின்ன போர்டுலயும் அதே சாக்கெட்டுதான்.

காசே இல்லைங்கிற பசங்களுக்கு ஒரு வழி. ஆபீஸ்கள் கழிச்சுக் கட்டுற ஒல்லி டெஸ்க்டாப் செகண்ட் ஹேண்ட்ல வரும். அதுல 2024ல வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050யோட குட்டை வகையைப் போடலாம். அது 70 வாட். ஸ்லாட்டே 75 வாட் வரைக்கும் குடுக்கும்கிறதால தனி பவர் கேபிளே வேண்டாம். வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடல் ஸ்லாட் முழு 75ஐயும் குடுக்குதான்னு மட்டும் பாத்துக்குங்க. ஆர்எக்ஸ் 6400ம் குட்டைதான், 53 வாட்தான். ஆனா பழைய பிசிஐ 3.0 போர்டுல அது மூச்சு வாங்கும், நாலே லேன்.

"பேசாம லேப்டாப் வாங்கிடலாமே"ன்னு கேக்குறவங்களுக்கு: ஊர் ஊராச் சுத்துறவங்கன்னா வாங்குங்க. வீட்டுலயே இருக்கிறவன் அஞ்சு வருஷம் கழிச்சு கார்டை மட்டும் மாத்தணும்னா என்ன பண்ணுவான்?

அக்கா பையன் கடைசியில 4060ஏ போட்டான், 7600, 32 ஜிபி, 550 வாட், தண்ணி கேனை விடச் சின்னப் பொட்டி. மிச்சக் காசுல நல்ல நாற்காலி ஒண்ணு. அரிசி டிரம் இருந்த இடத்துலயே இருக்கு. சுவத்துல வாட் மீட்டர் மாட்டிப் பாத்தோம், சைபர்பங்க் ஓடும்போது மானிட்டரோட சேத்து 240ஐத் தாண்டலை.

பின்னூட்டத்துல அடிக்க வர்ற ஆயிரம் வாட் அண்ணாச்சிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வாட் மீட்டர் ஒண்ணு வாங்கி உங்க பொட்டியை அதுல சொருகி, கேம் ஆடும்போது என்ன காட்டுதோ அந்த எண்ணை முதல் வரியில எழுதிட்டு அப்புறம் திட்டுங்க. காத்திருக்கேன்.